நூலில் கோத்த மூன்று கப்ளர்கள்

1. சாம்பல் நிறக் கடை

பேச்சியம்மாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டியபோது நான் ஒரு பழைய மிக்சியின் அடிமூடியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். வாயில் இரண்டு திருகாணி இருந்தது.

“யக்கா, சந்தைல நம்ம கடையைக் காணோம்.”

திருகாணியைத் துப்பிவிட்டு வாங்கிப் பார்த்தேன். கடை இருந்தது, ஆனால் சாம்பல் பூசினாற்போல் மங்கிக் கிடந்தது. எந்தப் படத்தைத் தொட்டாலும் திறக்கவில்லை. மேலே ஒரு வரி மட்டும் சிவப்பில் இருந்தது. சந்தேகத்துக்குரிய நடவடிக்கை காரணமாக உங்கள் விற்பனைக் கணக்கு தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டுள்ளதாம்.

எனக்கு வந்த கோபத்தில் போனைத்தான் உடைத்திருப்பேன். பேச்சியம்மாள் என் குணம் தெரிந்தவள், சட்டென்று பிடுங்கிக்கொண்டாள்.

சங்கரன்கோவிலில் கோமதி என்று கூப்பிட்டால் தெருவில் பாதிப் பெண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அதனால் எனக்கு மிக்சி கோமதி என்று பெயர். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் என் கடை. மிக்சி, கிரைண்டர் ரிப்பேர் பார்ப்பது தொழில். பிறகு பழைய மிக்சிகளின் ஸ்பேர் பார்ட்ஸை ஆன்லைனில் விற்க ஆரம்பித்தேன். நாங்கள் ‘சந்தை’ என்று சொல்வது அந்த ஆப்பைத்தான். அதன் உண்மைப் பெயர் இங்கே வேண்டாம். பழைய சாமான், ஸ்பேர் பார்ட்ஸ் விற்பவர்களுக்கென்றே இருந்த இடம் அது.

இப்போது ஆன்லைனில் விற்க வரும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், “யக்கா, அவ்வளவு நல்லா ஓடுன கடையை எதுக்கு மூடுனிய? பேமெண்ட் பிரச்சினையா?” என்று. ஆமாம், பேமெண்ட் பிரச்சினைதான். ஆனால் என் காசை யாரும் ஏமாற்றவில்லை. என் வாடிக்கையாளர்கள் அளவுக்கு மிஞ்சி யோக்கியமாக நடந்துகொண்டார்கள், அதுதான் பிரச்சினை. கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

2. ஏன் மூன்று

மிக்சியில் மோட்டாருக்கும் ஜாருக்கும் நடுவே, பல் பல்லாக ஒரு சின்ன வட்டு இருக்கும். அதுதான் கப்ளர். மோட்டாரின் சுற்றை ஜாருக்குக் கொடுப்பது அது. பல் தேய்ந்துவிட்டால் மோட்டார் கத்தும், பிளேடு அசையாது, ரப்பர் கருகிய வாடை வரும். புது மிக்சிக்கு எந்த ஊரிலும் கப்ளர் வாங்கலாம். நான் விற்றது கம்பெனியே மூடிப்போன மாடல்களுக்கு.

அந்த மிக்சியை எல்லாம் இன்னும் யார் வைத்திருக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். கல்யாணச் சீரில் வந்த மிக்சியை எங்கள் பக்கத்துப் பெண்கள் எடைக்குப் போடமாட்டார்கள். புருஷனை ஆயிரம் திட்டுவார்கள், அம்மா வீட்டு மிக்சியை ஒரு சொல் சொல்ல விடமாட்டார்கள். அந்தப் பாசத்தில்தான் என் அடுப்பு எரிந்தது.

ராஜபாளையத்தில் கடையை மூடிய ஒரு டீலரிடமிருந்து பழைய கப்ளர்கள் மொத்தத்தையும் சாக்குச் சாக்காக வாங்கி வைத்திருந்தேன். அவற்றை இப்போது எவரும் செய்வதில்லை. ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான், வேறு வாங்க முடியாது.

இதில் ஒரு சிக்கல். ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஆனால் கப்ளரில் மூன்று வகை இருக்கும். உயரத்தில் மயிரிழை வித்தியாசம். போட்டோவில் தெரியாது. பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தி நாணயத்தை மட்டும் அழகாக எடுத்து அனுப்பினாள். அதற்குப் பிறகுதான் இந்த வழிக்கு வந்தேன். மூன்று வகையையும் ஒரு நூலில் கோத்து அனுப்பிவிடுவது. கூடவே ஸ்டாம்ப் ஒட்டி, என் விலாசமும் போன் நம்பரும் எழுதிய ஒரு காலிக் கவர். மாட்டிப் பார், பொருந்துவதை வைத்துக்கொள், மீதி இரண்டை அந்தக் கவரில் போட்டுத் தபாலில் சேர், அதற்கப்புறம் காசு போட்டுவிடு. இவ்வளவுதான் என் வியாபாரம்.

அப்போது சந்தைக்காரர்கள் கடை போடுவதற்கு மட்டும் எங்களிடம் கட்டணம் வாங்குவார்கள். விற்பவரும் வாங்குபவரும் காசை எப்படிக் கொடுத்து வாங்கினாலும் தலையிடமாட்டார்கள். துணி எடுக்கப் போனால் நாலு சேலையை வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்டிவிட்டு, பிடித்ததற்குக் காசு கொடுக்கும் ஊர் இது. அதே பழக்கத்தைத்தான் நான் கப்ளரில் செய்தேன். யாரும் என்னை ஏமாற்றியதில்லை. உள்ளூர் ரிப்பேரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துவிட்டு, முழு மூச்சாகக் கவர் போடுவதில் இறங்கினேன். பேச்சியம்மாளைப் பேக்கிங்குக்குச் சேர்த்துக்கொண்டேன். இந்தத் தெருவிலேயே வேறு இரண்டு பேர் ரிப்பேர் கடை போட்டுவிட்டார்கள். நான் கவலைப்படவில்லை.

3. புது விதி

ஒரு நாள் சந்தையில் அறிவிப்பு வந்தது. இனி எல்லாக் காசும் அவர்களுடைய பேமெண்ட் வழியாகத்தான் வர வேண்டும். வாங்குபவர் முன்னாலேயே கட்டிவிட வேண்டும். திருப்பி அனுப்பும் கெடு முடிந்த பிறகுதான் காசு எங்களுக்கு வரும். இதில் சேர மறுத்தால் கடை கிடையாது.

எங்கள் பக்கத்து விற்பனையாளர்களுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருந்தது. வாசுதேவநல்லூர் ராஜதுரை அண்ணாச்சி பம்ப்செட் சாமான் விற்பவர். அவர்தான் முதலில் கொதித்தார். வாய்ஸ் மெசேஜில் அவர் கத்தியதைக் கேட்டுப் பேச்சியம்மாள் போனைத் தள்ளி வைத்தாள்.

“கிணத்துல மோட்டார் நின்னு போச்சுன்னு வருதவன்கிட்ட, மொதல்ல ஆப்புல காசைக் கட்டுலேன்னா சொல்ல முடியும்? பயிரு காயுதுல்லா! நமக்கும் வாங்குதவனுக்கும் நடுவுல இவனுவளுக்கு என்ன வேலை? நான் போறேன். வாரவங்க வாங்க.”

அவர் போனார். அவர் பின்னாலேயே ஏழெட்டுப் பேர் போனார்கள். கடையநல்லூர் மைதீன் அண்ணன் பழைய டேப் ரெக்கார்டர், ரேடியோ உதிரிகள் விற்பவர், சவூதியில் எலக்ட்ரீஷியனாக இருந்து திரும்பியவர். அவர் சத்தமே போடாமல் ஒரு வெள்ளிக்கிழமை கடையை எடுத்துவிட்டார். எனக்கு மட்டும் போன் செய்து சொன்னார்.

நான் போகவில்லை. குரூப்பில் பெரிய மனுஷி மாதிரி எழுதினேன்: “எல்லாரும் அவசரப்படாதீங்க. காசு லேட்டா வந்தா என்ன, வரத்தானே செய்யும்?” ராஜதுரை அண்ணாச்சி பதிலுக்கு ஒரு கும்பிடு மட்டும் போட்டார். அந்தக் கும்பிடு இன்றைக்கும் என் போனில் இருக்கிறது.

உண்மையில் எனக்குப் பயம். உள்ளூர் ரிப்பேரை விட்டாயிற்று. சந்தையையும் விட்டால் பேச்சியம்மாளும் நானும் சாக்குகளைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

4. சுப்புத்தாய் கடன் அடைத்த கதை

புது விதி வந்த பிறகும் நான் அதே காலிக் கவரோடு மூன்று கப்ளரைத்தான் அனுப்பினேன். மூன்றில் ஒன்றுக்குத்தான் காசு கட்டியிருப்பார்கள், மீதி இரண்டு திரும்பி வரும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். ஆப்பில் ‘ரிட்டர்ன்’ என்று ஒரு பட்டன் முளைத்திருந்ததை நான் கணக்கில் எடுக்கவில்லை.

இளையரசனேந்தலில் சுப்புத்தாய் என்று ஒருத்தி, என் வயதுக்காரி. காலையில் இட்லிக் கடை போடுகிறவள். அவளுடைய சீர் மிக்சிக்குக் கப்ளர் அனுப்பியிருந்தேன். ஒரு நாள் போன் வந்தது.

“யக்கா, ஒண்ணு கச்சிதமாப் பொருந்திட்டு. மத்த ரெண்டையும் திருப்பிக் குடுத்துட்டேன். ஆனா காசு பூராவும் எனக்கே வந்துட்டே, இது என்ன கூத்து?”

“ரிட்டர்ன் பட்டனை அமுக்குனியாம்மா?”

“ஆமா. திருப்பிக் குடுத்தா அதுதான யக்கா அமுக்கணும்? ஒரு பையன் வந்து வாங்கிட்டுப் போனான்.”

அவள் மேல் என்ன தப்பு? திருப்பிக் கொடுத்தாள், திருப்பிக் கொடுக்கும் பட்டனை அமுக்கினாள். ஆப்புக்கு மூன்றில் இரண்டு என்ற கணக்கெல்லாம் தெரியாது. கவர் திரும்பிவிட்டது என்று முழுக் காசையும் அவளுக்கு அனுப்பிவிட்டது. போதாததற்குக் காரணம் வேறு கேட்டிருக்கிறது. ‘மூன்றில் ஒன்று பொருந்தியது’ என்று அதில் ஒரு காரணமும் இல்லை. இவள் ‘தவறான பொருள்’ என்பதைத் தொட்டிருக்கிறாள். இரண்டு தவறுதானே! கரிவலம்வந்தநல்லூரில் இன்னொருத்தி ‘பழுது’ என்று தொட்டுவிட்டாள். கேட்டால், “மிக்சி பழுதுதானம்மா, அதுக்குத்தான வாங்குனோம்” என்றாள். என் கடைக்கு வரிசையாகக் கரும்புள்ளி விழுந்தது.

சுப்புத்தாய் அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. மறுநாள் அவள் பெயரில் இன்னொரு ஆர்டர் வந்தது. பேச்சியம்மாள் வழக்கம்போல மூன்றைக் கோத்து அனுப்பிவிட்டாள். நான் போன் செய்தேன்.

“ஏன்மா, இன்னொரு மிக்சியும் ரிப்பேரா?”

“இல்ல யக்கா. ஒங்க காசு என்கிட்ட கெடக்குல்லா. ஆர்டர் போட்டாத்தான காசு ஒங்களுக்கு வரும்? அதான் போட்டேன். சாமான் வந்தா அப்படியே திருப்பி அனுப்பிருதேன்.”

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். சொன்னபடியே அவள் மூன்றையும் திருப்பி அனுப்பினாள். காசும் திரும்ப அவளுக்கே போனது. அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. மறுபடியும் ஆர்டர் போட்டாள். ஆர்டர் வந்தால் அனுப்பியே ஆக வேண்டும், அதனால் இந்தத் தடவை பொருந்தியதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் கோத்து அனுப்பினோம்.

“என் போனுக்கே நேரா அனுப்பிரும்மா” என்றேன்.

“அதுல போடக் கூடாதுன்னு ஆப்புல சிவப்பா எழுதியிருக்கு யக்கா. ஒங்களுக்குக் கெட்ட பேரு வந்துரக் கூடாதுல்லா.”

இப்படிச் சுப்புத்தாய் ஒருத்தி மட்டும் இல்லை. என் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர் அதே வழியில் கடனை அடைக்கப் பார்த்தார்கள். ஆர்டர், ரிட்டர்ன், ஆர்டர், ரிட்டர்ன் என்று செக்குமாடாகச் சுற்றியது. அதைத்தான் சந்தை ‘சந்தேகத்துக்குரிய நடவடிக்கை’ என்று கண்டுபிடித்தது.

5. சிஸ்டத்துக்குப் புரியாது

கடை சாம்பல் நிறமான அன்றைக்குச் சென்னையிலிருந்து விக்னேஷ் என்று ஒரு தம்பி பேசினார். விற்பனையாளர் உதவிப் பிரிவாம். நல்ல பிள்ளை, மரியாதையாகத்தான் பேசினார்.

“மேடம், ஒரே கஸ்டமர் திரும்பத் திரும்ப ஆர்டர் பண்ணி ரிட்டர்ன் பண்றாங்க. இந்த மாதிரி நிறைய இருக்கு. ஃபேக் ஆர்டர் மாதிரி தெரியுது மேடம்.”

“ஃபேக் எல்லாம் இல்ல தம்பி. அந்தம்மா எனக்குக் காசு தர வேண்டியிருக்கு. அதைக் குடுக்கதுக்கு ஆர்டர் போடுதா.”

“மறுபடி சொல்லுங்க மேடம்?”

முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நூல், மூன்று கப்ளர், காலிக் கவர், சீர் மிக்சி. அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் சிரித்துவிட்டார். “எனக்குப் புரியுது மேடம். சிஸ்டத்துக்குப் புரியாது. ஒண்ணு பண்ணுங்க. இனிமே ஒரே ஒரு கப்ளர் மட்டும் அனுப்புங்க. பொருந்தலைன்னா அது அவங்க பிராப்ளம். அக்கவுண்டை நான் ஓப்பன் பண்ணித் தரேன்.”

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

“அவ பிராப்ளம்னா, மறுநாள் காலைல அவ கடைக்குச் சட்னி யாரு தம்பி அரைப்பா? நீங்க வந்து அரைப்பியளா?”

போனை வைத்த பிறகு பேச்சியம்மாள் கேட்டாள், “யக்கா, இப்ப என்ன செய்ய?” அவளுக்கும் வயிறு இருக்கிறது, வீடு இருக்கிறது. நான் மிஷின் ஆயில் கையோடு முகத்தைத் துடைத்துக்கொண்டேன். ஒரு கப்ளர் மட்டும் அனுப்பினால் சந்தையில் பிழைக்கலாம். ஆனால் மூன்றில் இரண்டு பேருக்குப் பொருந்தாத சாமானைத் தெரிந்தே அனுப்பிக் காசு வாங்க வேண்டும். அதற்கு என் கை வராது. நான் பெரிய தியாகி என்பதால் இல்லை. பொருந்தாத கப்ளரை வைத்து அழுத்தி ஓட்டினால் மோட்டார் எரிந்துபோகும். எரிந்த மோட்டாரின் வாடை எனக்கு நன்றாகத் தெரியும்.

அன்றைக்கே கணக்கை மூடச் சொல்லி எழுதிவிட்டேன்.

6. கை பரபரப்பு

மூடிய பிறகுதான் ஒன்று தெரிந்தது. கணக்கை மூடினால் கெடு முடியாத எல்லா ஆர்டருக்கும் காசு, சாமான் வாங்கியவர்களுக்கே திரும்பிவிடுமாம். அப்போது என் கவர்கள் ஊர் ஊராகப் போயிருந்தன. தென்காசி, கோவில்பட்டி, ராமநாதபுரம், எங்கெல்லாமோ. கவருக்கு மூன்று என்று, என் சாக்கில் பாதி வெளியே இருந்தது. இனி யாராலும் செய்ய முடியாத சாமான்.

ராஜதுரை அண்ணாச்சி போனில் உண்மையைச் சொன்னார்.

“இன்னா பாரு கோமதி, மனசைத் தேத்திக்கோ. காசும் அவங்ககிட்ட, சாமானும் அவங்ககிட்ட. எவன் திருப்பித் தருவான்? மறந்துரு.”

மைதீன் அண்ணன் வேறு மாதிரி பேசினார். “தங்கச்சி, மொதக் கொஞ்ச நாளு கை பரபரக்கும். ஆர்டர் வந்திருக்கான்னு போனையே நோண்டத் தோணும். எனக்கு அப்படித்தான் இருந்துச்சு. அப்புறம் தூக்கம் வரும் பாருங்க, அப்படி ஒரு தூக்கம்.”

கை பரபரத்தது உண்மை. பேச்சியம்மாள் கடையைக் கூட்டினாள், மறுபடியும் கூட்டினாள். பழைய ஜார்களை எல்லாம் துடைத்து அடுக்கினாள். எதிர்த்த ரிப்பேர் கடையில் ஆள் நின்றுகொண்டிருந்தது, என் கடையில் ஈதான் வந்தது. பேச்சியம்மாளிடம் வேறு வேலை பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா என்று நினைத்து, சொல்ல வாய் வராமல் டீ வாங்கி வரச் சொன்னேன்.

7. நூலில் வந்தது

டீ வருவதற்குள் தபால்காரர் வந்தார். என் கையெழுத்தில் என் விலாசம் எழுதிய கவர். பிரித்தேன். நூலில் கோத்த கப்ளர்கள். எடுத்துப் பார்த்தேன், மூன்று இருந்தன. ஒன்றும் பொருந்தவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். வெளிச்சத்தில் பிடித்தேன். இரண்டு புதியவை. மூன்றாவது பழையது, பல்லெல்லாம் மழுங்கி, ஒரு பக்கம் கருகியிருந்தது.

என் வாய் சும்மா இருக்குமா? “பாத்தியாட்டி, புதுசை எடுத்துக்கிட்டுப் பழசைக் கோத்து விட்டிருக்கா. அண்ணாச்சி சொன்னது சரிதான்” என்று டீயோடு வந்த பேச்சியம்மாளிடம் கத்தினேன்.

அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு நூலை வாங்கிப் பார்த்தாள். “யக்கா, புதுசு ரெண்டு வந்திருக்குல்லா. ஒண்ணை மாட்டியிருக்கா, கணக்கு சரிதான. இந்தப் பழசு கூடுதலா வந்திருக்கு.”

அதற்குள் போன் அடித்தது. சுப்புத்தாய்.

“யக்கா, கவர் வந்துச்சா? கடைய எடுத்துட்டியளாமே, அதான் பட்டனை எல்லாம் அமுக்காமத் தபால்ல போட்டுட்டேன். ஒங்க காசையும் போனுல இப்பத்தான் போட்டு விட்டேன், பாருங்க. அந்தப் பழசு பக்கத்து வீட்டு சீதாவோடது. அதே மாதிரி ஒண்ணு அவளுக்கு அனுப்புங்க. ஒண்ணு போதும், மூணு வேண்டாம். பழசைத்தான் பாத்துட்டியள்லா, அளவு தெரியும்லா?”

அந்தக் கருகிய கப்ளரைத் திருப்பிப் பார்த்தேன். பல் தேய்ந்தால் என்ன, அடிப்பக்கத்து உயரம் அப்படியே இருந்தது. ஸ்கேல் கூட வேண்டாம், விரலாலேயே சொல்லிவிடலாம், இரண்டாம் வகை. இத்தனை வருஷம் போட்டோ எடு, நாணயத்தை வை, மூன்றை அனுப்பு, இரண்டை வாங்கு என்று ஆடியதற்குப் பதில், பழசைக் கழற்றித் தபாலில் போடுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லையே! சுப்புத்தாயிடம் அதைச் சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமல் பேச்சியம்மாளும் சிரித்தாள். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நெஞ்சுக்குள் இருந்த ஒரு பாரத்தை யாரோ எடுத்து வெளியே வைத்தது மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகு கவர்கள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் வந்தன என்று சொல்லமாட்டேன், சில வரவில்லை. ஆனால் நான் பயந்ததற்கு அது ஒன்றுமே இல்லை. சிலர் இரண்டைத் திருப்பினார்கள். சிலர் சுப்புத்தாய் மாதிரியே நூலில் ஒரு பழசைச் சேர்த்துக் கட்டி அனுப்பினார்கள். நான் யாருக்கும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. நூலில் ஒரு இடம் காலியாக இருந்தால் அதில் எதையாவது கோக்கத்தான் நம் பெண்களுக்குக் கை போகும் போலிருக்கிறது.

இப்போது அதுதான் எங்கள் முறை. பழசை அனுப்புங்கள், பார்த்து ஒன்றை அனுப்புவோம், மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு போடுங்கள். ஒரு கவருக்கு மூன்று போன காலம் முடிந்து, ஒன்றே போகிறது. சாக்கில் இருக்கும் சரக்கு நான் நினைத்ததைவிட நீண்ட காலம் வரும். பேச்சியம்மாள் எங்கும் போகவில்லை. மைதீன் அண்ணன் சொன்ன தூக்கமும் வந்துவிட்டது.

ராஜதுரை அண்ணாச்சியிடம் சொன்னபோது, “எவன் திருப்பித் தருவான்னு கேட்டேன்லா, எவன்னுதான கேட்டேன், எவளையும் சொல்லலையே” என்று மழுப்பினார். குரூப்பில் அவருக்கு நான் ஒரு கும்பிடு போட்டேன்.

புதிதாக விற்க வரும் பிள்ளைகளுக்கு என்ன சொல்ல? எந்த ஆப் நல்லது என்று என்னிடம் கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. எதில் வேண்டுமானாலும் கடை போடுங்கள். ஆனால் உங்கள் வாடிக்கையாளருக்கு உங்களை வந்து சேர ஒரு வழி உங்கள் கையால் கொடுத்து வையுங்கள். ஆப் நடத்துகிறவர்கள் விதியை மாற்றுவார்கள், அது அவர்கள் இஷ்டம். என் கவரில் என் விலாசம் இருந்தது. அதனால்தான் சுப்புத்தாயால் என்னைக் கண்டுபிடிக்க முடிந்தது.

சீதாவின் கருகிய கப்ளர் கடைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. அதைக் குப்பையில் போடப் போன பேச்சியம்மாளைத் திட்டி வாங்கி மாட்டினேன். கடைக்கு வருகிறவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். “எங்க கடை மறுபடி தொறந்த நாளு” என்று பேச்சியம்மாள்தான் பதில் சொல்வாள்.